கேன்சல் கொடுத்த பிறகு

ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அச்சகத்தின் மாடிப்படியில் ராசாங்கம் மகளோடு ஏறி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முகூர்த்த மாதம். காலையிலிருந்து கம்ப்யூட்டரில் பத்திரிகை பத்திரிகையாக அடித்துக்கொண்டிருந்த செங்கமலத்துக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"எம்பொண்ணு சத்யப்பிரியா கல்யாணப் பத்திரிகைம்மா. அவ மாமன் குடுத்துட்டுப் போனது. அதுல அம்மா பேரு பாப்பாயின்னு இருக்கும். எடுத்துட்டு பரிமளான்னு போட்டுடு."

பாப்பாயி செத்துப்போன முதல் மனைவி. பரிமளா இப்போது வீட்டில் இருப்பவள்.

திரையில் பெயர் மாற்றும் பெட்டியைத் திறந்து செங்கமலம் இரண்டு பெயர்களையும் அடித்தாள். எல்லா இடத்திலும் மாற்றவா என்று அது கேட்டது.

"அக்கா, வேணாம்," என்று காதருகே கிசுகிசுத்தாள் சத்யப்பிரியா.

செங்கமலம் கேன்சல் கொடுத்தாள். கொடுத்தால் எதுவும் மாறக்கூடாது.

மாறியது.

அருள்மிகு பாபபாயி துணை. மணமகன் பாபபாயி. மண்டபம் பாபபாயி.

"மிஷின் கோளாறுங்கய்யா," என்று சொல்லி, சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி திறந்தாள். பத்திரிகை பழையபடி இருந்தது. பெருமூச்சு விட்டாள்.

அவள் தொடாமலே பெட்டி வந்து நின்றது.

மறுபடியும் கேன்சல் கொடுத்தாள்.

இம்முறை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. புதிதாக எழுதப் பழகுகிறவரின் கைபோல, நின்று, யோசித்து. அந்தச் சித்திரை வெக்கையில், நனைந்த சேலையின் ஈரவாடை அவள் பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் திரும்பாமல் திரையையே பார்த்தாள்.

"எங்கம்மா இப்படித்தான் கையெழுத்துப் போடும்," என்றாள் சத்யப்பிரியா. "புள்ளி வைக்காது."

ராசாங்கம் குனிந்து திரையைப் பார்த்தார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "இருக்கட்டும்மா. அவ பேரே இருக்கட்டும்," என்றார்.

பெட்டி தானாக மறைந்தது. பத்திரிகையில் அவரவர் பெயர் அவரவர் இடத்தில் இருந்தது.

அடுத்த வாரம் அச்சடித்த பத்திரிகைகளை வாங்கிப்போகப் பரிமளா தனியாக வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேலே இருந்த பத்திரிகையை எடுத்துப் படித்தாள். கோபப்படவில்லை.

"எம்பேரு இல்லாட்டி என்னங்க, பரவால்ல," என்றாள்.

செங்கமலம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வூட்ல எல்லாரும் நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கோம்." பரிமளா பத்திரிகைக் கட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஒரு வாரமா நான் அடுப்பு பத்த வக்கிறதில்ல. விடிஞ்சு எந்திரிச்சா சோறு வடிச்சிருக்கு. சூடா."

"அய்யோ! யாரு வடிக்கிறாங்க?"

பரிமளா படிப்பக்கம் திரும்பினாள்.

"அதைச் சாப்புடுறீங்களா?"

"நாள் முச்சூடும் முந்திரிக்காட்டுல வேல. பசிக்குதேம்மா," என்றபடி படியிறங்கினாள். பாதிப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "என் தட்டுல மட்டும் ரெண்டு கரண்டி கூடப் போட்டு வச்சிருக்குது."