வரிசை தப்பாத வைரஸ்

"ஐயோ...!"

பங்கஜத்தின் அலறல் கேட்டு, விடிந்தும் விடியாமல் மண்ணூரே வேர்க்கடலைக் கொல்லைக்கு ஓடியது.

கருகிய செடிகளுக்கு நடுவே அவள் புருஷன் வரதராஜன் பிணமாகக் கிடந்தார். கையில் பூச்சிமருந்து பாட்டில்!

இன்ஸ்பெக்டர் வேல்விழி ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"வைரஸ் மேடம்..." மகன் உதயசூரியன் விம்மினான். ஒரகடம் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைன் வேலை. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. "மொட்டுக்கருகல் நோவு. மொத்தக் கொல்லையும் பூட்ச்சு. மனசு ஒடிஞ்சி குடிச்சிட்டாரு."

பங்கஜம் மார்பில் அடித்துக்கொண்டாள். "மூணு நாளா குன்றத்தூர்ல மக வூட்ல இருந்தோம். நேத்துதான் வந்தோம். நல்லா பேசிக்கினு இருந்தாரே! என்னை அம்போன்னு வுட்டுட்டு தானாவா பூட்டாரு? அத்த மட்டும் சொல்லுங்கம்மா!"

வேல்விழி பிணத்தின் கழுத்திலிருந்த துண்டை விலக்கினாள்.

விரல் தடங்கள்!

"தானா போவல. நெரிச்சிருக்காங்க."

கூட்டத்தில் நின்ற நிலத் தரகர் தாண்டவராயன் மெல்ல நழுவப் பார்த்தார். குடோன் கட்ட அந்தக் கொல்லையைக் கேட்டு நடையாய் நடந்தவர். வரதராஜன் மசியவேயில்லை.

"நில்லுய்யா!"

"நெலத்த கேட்டேன், அவ்ளோதாம்மா!"

வேல்விழி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளும் கொல்லையில் களை பறித்து வளர்ந்தவள்தான்.

"இது வைரஸே இல்ல. வைரஸ் இலைப்பேனால பரவும், அங்கொண்ணு இங்கொண்ணாதான் கருகும். இங்க வரப்புப் புல்லும் சேந்து கருகியிருக்கு... களைக்கொல்லி! பயிர் போனா நெலத்த வித்துடுவாருன்னு எவனோ அடிச்சிருக்கான். புல்லப் பாத்ததும் பெரியவர் கண்டுபிடிச்சிட்டாரு. தட்டிக் கேட்டாரு... செத்தாரு!"

உதட்டைப் பிதுக்கினாள்.

"அடிச்சதும் அரைகுறை! ஒரே வரிசைய ரெண்டு மூணு வாட்டி அடிச்சிருக்கான். வேலை தெரியாத பய!"

"இன்னா மேடம், வாய்க்கு வந்தத பேசறீங்க?" உதயசூரியன் சீறினான். "வரிசைக்கு ஒரு வாட்டிதான்! ஒரு செடி மிஸ் ஆவல..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பொத்தி என்ன பயன்!

பங்கஜம் மகனையே பார்த்தாள். "பாவி... நெலம் வித்த காசுக்காக நீயாடா?"

புருஷன் தன்னைக் கைவிடவில்லை என்று தெரிந்த அதே காலையில், பெற்ற பிள்ளையும் இல்லை என்றாகிவிட்டது. பாவம் அவள்.

வேல்விழி விலங்கை மாட்டினாள்.

"சுத்தமான வேலை தம்பி... ஒரு டிஃபெக்ட் கிடையாது. வாய் மட்டும்தான் ரிஜெக்ட்!"