தங்கிப் பார்க்க ஒரு வாரம்

மூடிக் கிடந்த டிராயருக்குள் இருந்த டீஸ்பூன் ஈரமாக இருந்தது.

திலகா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் என்றால் முத்து முத்தாக நிற்கும், இல்லாவிட்டால் வழிந்துவிடும். இது குழிக்குள் ஒரு படலமாகப் பரவியிருந்தது. கட்டைவிரலை வைத்து எடுத்தபோது மெல்லிய இழையாக நீண்டு வந்து அறுந்தது. பினாங்கில் பயிற்சி முடித்து, ஆக்லாந்துக்கு வந்து, மவுண்ட் ரோஸ்கில் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் பல்லைப் பார்த்த டென்டல் நர்ஸ் அவள். எச்சில் எது, தண்ணீர் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏங்க, இந்த ஸ்பூன வாயில வச்சிட்டு அப்படியே உள்ள போட்டீங்களா?"

"வந்து ஒரு மணி நேரம் ஆவல. இன்னும் டீயே குடிக்கலியே," என்றார் மோகனதாஸ். அவர் கண்ணாடிக் கதவருகே நின்று, எதிரே மழையில் நனைந்துகொண்டிருந்த புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமான் பெட்டிகளை இன்னும் திறக்கக்கூட இல்லை.

அவர்கள் வந்திருந்த ராட்டா லிங்க்ஸ், ஆக்லாந்துக்கு வடக்கே, கிளென்ஃபீல்டைத் தாண்டி இருபது நிமிஷக் கார் ஓட்டத்தில் இருந்தது. 1908இல் கோல்ஃப் ஆட வரும் கனவான்களுக்காகக் கட்டிய ஓய்விடம். நடுவில் கிளப்ஹவுஸ், புல்வெளியைச் சுற்றி வெள்ளை மரக் காட்டேஜ்கள். இப்போது அவற்றை அறுபது தாண்டியவர்களுக்கு விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம். சனிக்கிழமை மூன்று மணிக்கு, கிளப்ஹவுஸில் டீ குடித்துக்கொண்டே, கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் வீடு கிடையாது.

மாட்டேன் என்று சொல்லத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. 1970இல் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது என்பதற்காக, தைப்பிங்கில் சர்வேயர் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடவே வந்தவர் மோகனதாஸ். இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. ஓய்வு பெறும்வரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வாய்விட்டுக் கேட்டது இந்த வீடு ஒன்றைத்தான். அதற்கும் மூக்கைச் சுளித்தால் தன்னைப் போல நன்றிகெட்டவள் உலகத்திலேயே இருக்க மாட்டாள் என்று திலகா நினைத்தாள். ஸ்பூனைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஹீட்டர் ஓடியும் சுவர்கள் வியர்த்தன. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் கோடு கோடாக இறங்கி மரச்சட்டத்தில் தேங்கியது. ஆக்லாந்தில் குளிர்காலத்தில் எந்த வீட்டில்தான் ஈரம் இல்லை? இதுவரை குடியிருந்த லின்ஃபீல்ட் வீட்டிலும் தினமும் காலையில் துணி வைத்துத் துடைத்தவள்தான் அவள். ஆனால் அங்கே பூஞ்சை நாறும். இங்கே அந்த வாடை இல்லை. காலையில் பல் துலக்காமல் வந்து நாற்காலியில் படுத்து ஆ என்று வாயைத் திறக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே குனியும்போது வருமே, வெதுவெதுப்பான, புளித்த அந்த வாடை, ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே சீராக இருந்தது.

சாப்பிடும்போது மோகனதாஸ் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஒம்போது வயசுல கோல்ஃப் கிளப்புல துரைமாருக்குப் பை தூக்குவேன்னு சொல்லியிருக்கேன்ல? அதுல ஒரு துரை, பந்துல சேறு பட்டா நக்கித் தொடச்சிட்டு என் கையில குடுப்பான். நான் கையத் தொடச்சுக்கக் கூடாது. தொடச்சா அடி."

"இத்தன வருசமா சொல்லவே இல்லியே."

"சொல்ற கதையா அது? இப்ப நானே மெம்பர் ஆவப்போறேன், அதான் சொல்றேன்."

அவர் சிரித்தார். திலகா சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். அந்த ஒன்பது வயதுப் பையனின் மூடிய உள்ளங்கைதான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலை அவளுடைய சீப்பு ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய மூக்குக் கண்ணாடி. தினமும் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்குமாக அழுக்கேறிக் கிடக்கும் அந்தக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. சட்டத்தின் மூலையில் மட்டும் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. தலையணை உறையில் ஓரத்தில் பொருக்கோடிய பெரிய வட்டம். மோகனதாஸ் தூக்கத்தில் வாய் திறப்பவர் இல்லை, முப்பத்தெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கொதிநீரில் அலசினாள். டெட்டாலில் ஊறவைத்தாள். கைத்தோல் உரிந்தது.

கிளென்ஃபீல்டில் இருக்கும் மகள் ஷாமளாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் கண்டன்சேஷன். விண்டோவ ஓபன் பண்ணி வைங்க. டாட் ஹேப்பியா இருக்காரா?"

"ரொம்ப."

"தென் வாட்ஸ் த ப்ராப்ளம்?"

திலகா ரிசீவரை வைத்தாள். வைத்த கையைச் சேலையில் துடைத்தாள். ரிசீவரும் ஈரம்.

புதன்கிழமை குடியிருப்பின் நிர்வாகி மிஸஸ் ப்ரூவர் அவர்களை அக்கம்பக்கத்தாருக்கு அறிமுகம் செய்து வைத்தாள். கிளப்ஹவுஸில் பத்துப் பதினைந்து கிழவர் கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தொண்ணூறைத் தொட்டவர்கள் என்றாள் அவள். பார்த்தால் தெரியவில்லை. ஒருவர் முகத்திலும் சுருக்கம் இல்லை. நெற்றி வழவழவென்று, இளஞ்சிவப்பாக. மோகனதாஸ் வாயைப் பிளந்தார்.

"பாத்தியா? காத்து அப்படி, தண்ணி அப்படி."

திலகா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். காது மடலின் மடிப்புகள் இல்லை. மூக்குத் தண்டு கரைந்து தாழ்ந்திருந்தது. இமைமயிர் ஒன்றுகூட இல்லை. குளியலறையில் பாதி தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி முகங்கள். டீக்கோப்பைகளின் பிடிகளில் கம்பளி நூல் சுற்றியிருந்தார்கள், விரலிலிருந்து வழுக்காமல் இருக்க. கைகுலுக்க நீட்டிய ஒரு கிழவியின் கையில் நகமே இல்லை. நகம் இருந்த இடமும் இல்லை. வெளியே வந்ததும் திலகா செடி மறைவில் வாந்தியெடுத்தாள்.

வியாழக்கிழமை காலை விளக்கேற்றப் போனாள். லின்ஃபீல்டிலிருந்து கொண்டு வந்த சின்ன முருகன் படம். முந்தின நாள் கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் காணோம். கண்ணாடி முழுக்க ஒரே பக்கமாக இழுத்த அகலமான தடம், கீழிருந்து மேலாக, இன்னும் ஈரம் காயாமல். உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தது. எந்த வாய்க்கும் இவ்வளவு பெரிய நாக்கு கிடையாது. அவளுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான வாயைப் பார்த்தவள்.

"படத்த யாருங்க தொட்டது?"

"நீதான் நாளெல்லாம் தொடச்சிக்கிட்டே இருக்கியே," என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கன்னம் மினுமினுத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பனியனோடு படுத்துத் தூங்கினார். திலகா போர்வையை இழுத்துவிடக் குனிந்தாள். இடது புஜத்தில் சின்ன வயதில் குத்திய அம்மை ஊசியின் வட்டத் தழும்பு இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அதில் விரல் வைத்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள். தழும்பு இல்லை. தடவிப் பார்த்தாள். தோல் வழுக்கிக்கொண்டு போனது. ஈரம். வெதுவெதுப்பு. விரலை முகர்ந்தாள். அதே வாடை.

அவர் கண் விழித்தார்.

"இங்க படுத்தா என்னா சுகமா இருக்கு தெரியுமா? யாரோ தடவிக் குடுக்கிற மாதிரி."

"யாரு?"

"யாரோ. யாரா இருந்தா என்னா?"

அந்த நிமிஷமே திலகா முடிவு செய்துவிட்டாள். நன்றிகெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன். இவரை இங்கிருந்து முழுசாகக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அன்று ராத்திரி அவள் படுக்கவில்லை. அவர் தலைமாட்டில் நாற்காலி போட்டு, விளக்கை அணைக்காமல், பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. விடியும்போது குனிந்து பார்த்தால் தன் இரண்டு பாதமும் ஈரமாக இருந்தன.

சனிக்கிழமை. மூன்று மணி. கிளப்ஹவுஸ் மேஜையில் ஸ்கோன் ரொட்டி, ஜாம், க்ரீம், ஒப்பந்தத் தாள். வழவழப்பான முகங்கள் எல்லாம் வந்திருந்தன.

"எங்கள் மூத்த உறுப்பினரைச் சந்திக்க வேண்டாமா?" என்று மிஸஸ் ப்ரூவர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "1931 முதல் எங்களோடு இருக்கிறார்."

நாற்காலியில் கட்டம் போட்ட கம்பளி. அதற்குள் கைக்குழந்தை அளவுக்கு ஏதோ இருந்தது. மிஸஸ் ப்ரூவர் கம்பளியை விலக்கித் துண்டால் ஒற்றினாள். தலை இல்லை. கை இல்லை. கண் இருந்த இடம் என்று எதுவும் இல்லை. சப்பிச் சப்பிச் சிறுத்த மிட்டாய் போல, உருண்டையாக, மினுமினுப்பாக, மூச்சுவிட்டுக்கொண்டு. மோகனதாஸ் மரியாதையாகத் தலை வணங்கினார்.

திலகா எழுந்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இங்கிலீஷிலும் ஒரு முறை சொன்னாள். மிஸஸ் ப்ரூவர் கோபப்படவில்லை. இங்கே யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று தாளை மடித்து வைத்துவிட்டு, ஸ்கோன் தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்தினாள்.

மோகனதாஸ் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புல்வெளிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சரி. நீ வேணாம்னா வேணாம். வா, வீட்டுக்குப் போலாம்."

அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனிதனை நாம் எப்படி நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தாள். எழுப்பிவிடு என்று அவர் கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துத் தூக்கினாள்.

விரல்கள் உள்ளே போயின.

பாலில் ஊறிய ரொட்டிக்குள் போவது போல. எலும்பு தட்டவில்லை. அலறாமல் கையை எடுத்துக்கொண்டாள். அவருடைய முன்கையில் நான்கு பள்ளம். ரத்தம் இல்லை. மேலே எழும்பவும் இல்லை.

"வலிக்குதா?"

"இல்லியே. ஏன்?"

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கோப்பைகளை எல்லோரும் கீழே வைத்தார்கள், கோயிலில் திரை விலகும்போது நிற்பவர்களைப் போலப் பணிவாக. அந்த வாடை வந்தது. வெதுவெதுப்பாக. பக்கத்தில்.

அவர் மணிக்கட்டில் ஈரம் மினுங்கியது. அங்கே யாரும் இல்லை. பட்டப்பகல். ஈரம் அகலமாக, அவசரமே இல்லாமல், மேலே ஏறியது. தோல் அதோடு சேர்ந்து நகர்ந்தது. அவளுடைய சுண்டுவிரல் பதிந்த பள்ளம் நிரம்பியது. அடுத்தது. அடுத்தது. ஆள்காட்டி விரலின் பள்ளம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் இல்லை.

மோகனதாஸ் கண்ணை மூடிக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.