பிரதிபலிப்பு, பழுதில்லை

தரையிறங்கிய ட்ரோன் ஈரமாக இருந்தது. மழை இல்லை, பனி இல்லை. எட்டு மணியாகியும் வெயில் தலைகாட்டாத மூட்டமான காலை, அவ்வளவுதான். துடைக்கலாமென்று கை வைத்தவளின் விரலுக்கும் இறக்கைக்கும் நடுவே கோந்து மாதிரி ஒரு இழை நீண்டு, தொய்ந்து, அறுந்து, அவள் புறங்கையில் படிந்தது. வெதுவெதுவென்று இருந்தது. மோந்து பார்க்கக் கூடாதென்று தெரியும், ஆனாலும் பார்த்தாள். மாசக்கணக்கில் பல் துலக்காத எவனோ முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டதுபோல் ஒரு வீச்சம்.

"ச்சீ! சனியன், எதுவோ இதை நக்கியிருக்குங்க."

"பறவை ஏதாவது அசிங்கம் பண்ணியிருக்கும்," என்றான் அவள் புருஷன், டவர் அடியில் இடுப்பு பெல்ட்டை இறுக்கியபடி. "உனக்குத்தான் அடுத்தவன் குடிச்ச டம்ளரைப் பார்த்தாலே குமட்டுமே."

பொய்யில்லை. ஆறு வருஷக் குடித்தனத்தில் அவன் கடித்த பழத்தை ஒருநாளும் அவள் கடித்ததில்லை. இருவருக்கும் ஒரே மின்சாரக் கம்பெனியில் வேலை. கம்பி ஓடும் வழியெல்லாம் வெப்பக் கேமரா கட்டிய ட்ரோனைப் பறக்கவிட்டு, எந்த இணைப்பு சூடேறியிருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பவள் அவள். அதை நம்பி ஏறுகிறவன் அவன்.

இந்த டவரின் உச்சியில், கம்பியைக் கவ்வப் புதிதாகப் போட்ட அலுமினிய கிளாம்ப்பில், சற்று முன்புதான் ஒரு வெள்ளைத் திட்டைத் திரையில் பார்த்திருந்தாள். முப்பத்தேழு டிகிரி. அதற்கெல்லாம் அவள் பதறுகிற ஆளில்லை. புது அலுமினியம் இந்தக் கேமராவுக்குக் கண்ணாடி மாதிரி. அடுத்தவன் சூட்டைத் தன் சூடு போலக் காட்டும். ட்ரோனைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். திட்டு நின்ற இடத்தில் நின்றால் பழுது. கூடவே நகர்ந்தால் வெறும் பிரதிபலிப்பு. நகர்த்தினாள். திட்டு வழுக்கிக்கொண்டே கூட வந்தது. 'பிரதிபலிப்பு, பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போர்மேன் லைனை ஆஃப் செய்தார். கம்பியைத் தாங்கும், அழுக்கேறிய பீங்கான் தட்டுகளைத் துடைக்க இப்போது அவன் ஏறிக்கொண்டிருந்தான்.

அவள் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். வீச்சம் போகவில்லை. நகக்கண்ணில் இருந்தது, மூக்கில் இருந்தது, எச்சில் விழுங்கினால் தொண்டையிலும் இருந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஏம்மா, தட்டு பூரா பிசுபிசுன்னு ஏதோ அப்பியிருக்கு. துணி வெச்சா துணி ஒட்டிக்குது. உவ்வே... நாத்தம் குடலைப் புடுங்குது."

"சூடா இருக்கா?"

"வெதுவெதுன்னு இருக்கு. லைன் ஆஃப் பண்ணி அரை மணி நேரமாச்சு, இல்ல?"

ஆச்சு. எல்லாம் ஆறிப்போயிருக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவள் சறுக்கியதை அந்த நிமிஷம்தான் கண்டுகொண்டாள். பிரதிபலிப்பு என்றால் எதனுடைய பிரதிபலிப்பு? அத்தனை உயரத்தில் கிளாம்ப்புக்கு எதிரே வேறென்ன இருந்தது? அடிப்பாவி, அதைக் கேட்காமலா கையெழுத்துப் போட்டாய்?

ட்ரோனைக் கிளப்பினாள். திரையில் டவர் நீலமாக ஏறிவந்தது, எலும்புக்கூடு போல, ஜில்லென்று. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் அவன், கை வீசித் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே கிளாம்ப்பில் அந்தத் திட்டு. இப்போது பெரிதாகியிருந்தது. கிளாம்ப் முழுக்க வெள்ளை.

கேமராவை மேலே திருப்பினாள்.

வானம் அந்தக் கேமராவில் எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும். மேகமிருந்தால் மங்கிய ஊதா. அதைவிடக் குளிர்ந்ததாக அதில் எதுவும் தெரியாது. திரை வெள்ளையாக இருந்தது. கேமராதான் கெட்டுப்போயிற்று என்று ஒரு கணம் மனசு ஆசைப்பட்டது. பிறகு வெள்ளையில் வரிகள் தெரிந்தன. வரிவரியாக, வளைந்து, நடுவில் ஒரு கோட்டில் வந்து சேரும் மேடுகள். எங்கேயோ தெரிந்த வரிகள். அவள் நாக்கு தானாக அவள் மேலண்ணத்தைத் தடவியது.

அதே வரிகள்.

அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கக்கூட இல்லை.

"இறங்குங்க! எல்லாத்தையும் போட்டுட்டு இறங்குங்க!"

"இரு, கத்தாதே. கை ஒட்டிக்கிச்சு. மேலேர்ந்து வேற சொட்டுது. ச்சீ, கண்ணுக்குள்ளே..."

"பெல்ட்டை அவுத்துட்டுக் குதிச்சாலும் பரவாயில்லைங்க!"

திரையில் அவன் தலை வெள்ளைக்குள் போயிருந்தது. பிறகு தோள். முப்பத்தேழுக்குள் முப்பத்தேழு. எது அவன், எது அது என்று பிரிக்க ஒரு கோடுகூட இல்லை. நீலமாகச் சில்லிட்டிருந்த பூட்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகத் தெரிந்தது. உதைத்தது. அப்புறம் அதுவும் வெளுத்தது.

தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பார்த்தாள். மேகம். சாம்பல் நிறத்தில் சாதுவாக, டவர் உச்சியில் உட்கார்ந்திருந்த மேகம். போர்மேன் வண்டிக்குள் யாரோடோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவனுடைய பாதுகாப்புக் கயிறு டவரின் குறுக்கு இரும்பில் கட்டியபடியே இருந்தது. கட்டிய இடத்திலிருந்து அது கீழே தொங்கவில்லை. நேராக மேலே போனது, விறைத்து, அதிர்ந்து, மேகத்துக்குள். இரும்பு கிறீச்சிட்டது. முடிச்சு அவிழ்ந்தது.

கையிலிருந்த வாக்கிடாக்கியில் அவன் மூச்சு கேட்டது. இன்னும் கேட்டது. "ஏம்மா," என்றான் ஒருதரம், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல. கயிற்றின் நுனி மெல்ல ஆடிக்கொண்டே மேலே போனது, நின்றது, கொஞ்சம் போனது, நின்றது, குழந்தை சேமியாவை உறிஞ்சுகிற மாதிரி.