முகம் அழிந்த நோட்டுகள்

"வேலை போனாக்கூடப் பரவாயில்லைம்மா. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஓவியர் இரண்டு நோட்டுகளை மேசைமேல் வைத்தார்.

காவல்துறையின் கள்ளநோட்டுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருடைய தங்கையின் கணவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். ஆயுள் காப்பீட்டு முகவரான அவருக்குத் தன் தொழிலைவிட அடுத்தவர் மர்மத்தில்தான் அக்கறை.

விலைவாசி ஏறி ஏறிப் பழைய பணம் செல்லாக்காசு மாதிரி ஆகிவிட, போன மாதம்தான் அரசு புது நோட்டை வெளியிட்டிருந்தது. அதில் கதிர்க்கட்டோடு சிரிக்கும் பெண்ணை வரைந்தவரும் மையைத் தேர்ந்தெடுத்தவரும் இந்த ஓவியர்தான். இப்போது கடைத்தெருவில் முகமே இல்லாத நோட்டுகள் நடமாடின. கைச்சூட்டுக்கே சாயம் போகிறதாம், நாளைக்கு வெறும் காகிதம்தானாம். மீன்கடையில் வாங்க மறுத்தார்கள். மருந்துக்கடையில் பழைய நோட்டையே கேட்டார்கள். வங்கி விட்ட அறிவிப்பை ஒருவரும் நம்பவில்லை. பழி ஓவியர் தலையில் விடிந்தது.

அம்மாள் நல்ல நோட்டை உருப்பெருக்கியில் பார்த்தார். "கன்னம் பளிங்கு மாதிரி இருக்கு, ஒரு புள்ளி இல்ல. அழகான வேலை." பிறகு கெட்ட நோட்டை எடுத்து முகர்ந்தார்.

"நாணயம் மாத்துறவன்தான் அண்ணி!" என்றார் முகவர். "புது நோட்டு விழுந்தா வெளிநாட்டுப் பணத்துக்குக் கிராக்கி. அவனுக்குக் கொள்ளை லாபம்."

"லாபத்துக்குக் கெடுக்கிறவன் நோட்டு செல்லாதபடி நம்பரை அழிப்பான், மாப்பிள்ளை. இங்க நம்பர் அப்படியே இருக்கு, கதிர்க்கட்டு இருக்கு, முகம் மட்டும் போயிருக்கு. பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குது. இதெல்லாம் எந்தக் கடையில வந்துச்சு?"

"பால்கடை, தையல்கடை, காய்கறிக்கடை... எங்க தெருவைச் சுத்தித்தான்." சொல்லும்போதே ஓவியரின் குரல் இறங்கியது.

மூவரும் ஓவியர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் வலது கை விரல்நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன.

"உங்க வீட்டுக்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்" என்றார் அம்மாள். "அந்த நோட்டுப் பொண்ணு என்ன அழகு!"

"என்ன பெரிய அழகு? கன்னத்துல ஒரு மச்சம் இருந்துட்டா ரதியாயிடுவாளா?"

"நோட்டுல மச்சம் இல்லையேம்மா."

அவள் கையிலிருந்த தட்டு சுவரில் இடித்தது.

"மச்சத்தை உங்க வீட்டுக்காரர் வரையவே இல்ல" என்றார் அம்மாள். "அந்தப் பொண்ணை நேர்ல பார்த்தவங்களுக்குத்தான் அது தெரியும். கெட்ட நோட்டு வந்ததெல்லாம் நீங்க சாமான் வாங்குற கடை. பிளீச்சிங் தண்ணி உங்க விரலையும் விட்டு வைக்கல."

மனைவி மறுக்கவில்லை. கணவனைத்தான் பார்த்தாள். "அச்சகத்து வாசல்ல நின்னு அவளைப் பார்த்தேன். அங்க தாள் அடுக்குறவ. பால் வாங்கப் போனா அவ மூஞ்சி, மீதிச் சில்லறையில அவ மூஞ்சி. என் பர்சுக்குள்ளயே வந்து குடியேறிட்டா! துடைச்சுட்டு, கட்டுக்கு நடுவுல வச்சுக் கொடுத்தேன். ஊரே மிரளும்னு நினைக்கல."

"அவ கூலிக்கு வந்து உக்கார்ந்தவ. வேற ஒண்ணுமே இல்ல" என்றார் ஓவியர்.

"அது எனக்கும் தெரியும். பதினோரு வருஷத்துல என்னை ஒரு தடவையாவது வரைஞ்சிருப்பீங்களா?"



வெளியே வந்ததும், "நேரா போலீசுக்கா அண்ணி?" என்றார் முகவர்.

"போலீசுக்கும் சொல்லணும். முதல்ல கடைத்தெருவுக்குச் சொல்லணும், அதுவும் ஓவியர் பொண்டாட்டி வாயால."

மறுநாள் காலை பால்கடைப் படியில் நின்று மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு மீன்காரம்மா இடுப்பில் கைவைத்து, "இவ்வளவுதானா சங்கதி! இதை முதல்லயே சொல்லியிருந்தா அந்த நோட்டை வாங்கியிருப்பேனே" என்றாள். அரசாங்கத்தின் பேச்சில் ஆயிரம் சந்தேகம் கண்டவர்களுக்கு, ஒரு பெண்டாட்டியின் பொறாமையில் எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. மதியத்துக்குள் எல்லாக் கடையிலும் புது நோட்டு ஓடியது. நீதிமன்றம் அவளை அபராதத்தோடு விட்டது.

அடுத்த வாரம் அவள் பால் வாங்க வந்தாள். கடைக்காரர் மீதியைப் புது நோட்டாகவே எண்ணி நீட்டி, "எல்லாத்துலயும் முகம் இருக்கான்னு பார்த்துக்கங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அந்தச் சிரித்த முகம் உள்ளே போகும்படி மடித்து, பர்சில் திணித்து, அழுத்தி மூடினாள்.