ஒன்றுவிட்ட புள்ளிகள்

சுவரில் இருந்த பிலோமினாவின் மூக்கு பதினோரு சதுரங்களால் ஆகியிருந்தது. கண்கள் இரண்டும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். மச்சாது அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு தன் மனைவியைப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இது எம் பொண்டாட்டி இல்லம்மா. பாத்ரூம் டைல்ஸு."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடியில் அவளுடைய பட்டறைக்கு அட்டையோடு வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் இப்படி ஏதாவது சொல்லித்தான் கோபப்படுவார்கள்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், பழைய குழாய்த் திரை டிவிகள்மீது ஊருக்கே மோகம் திரும்பியிருந்த காலத்தில், அவற்றோடு கேபிளால் இணைக்க வீட்டுக்கு வீடு வாங்கிய பெட்டியின் பெயர் 'உறவி'. இறந்துபோனவரின் படங்களையும் குரலையும் அனுப்பிவைத்தால், நிறுவனம் உள்ளங்கை அளவில் கறுப்பாக ஓர் அட்டை அனுப்பும். அதைப் பெட்டியில் செருகினால், இறந்தவர் திரையில் வந்து உட்கார்ந்து தாயம் ஆடுவார். குரல் வராது. கீழே ஒரு சின்னக் கட்டத்தில் எழுத்து மட்டும் வரும். பிறகு நிறுவனம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பெட்டிகள் பழுதாகின, குழாய்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. மிஞ்சியவை அட்டைகள் மட்டும்.

இப்போது அட்டையை ஓட்டுவதற்குப் 'போல்வி' இருக்கிறது. செத்துப்போன பெட்டியைப் போலவே அச்சு அசலாக நடந்துகொள்ளும் மென்பொருள் அது. ஆட்டம் பிசகில்லாமல் ஓடும். முகம்தான் வராது.

"போல்வி சரியாத்தான் காட்டுது அண்ணாச்சி. சுவர்ல ஒட்டியிருக்க இந்தக் காலத்துத் திரைதான் ரொம்பக் கூர்மை," என்றாள் ஜெசிந்தா. இதை விளக்குவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "அந்தப் பெட்டிக்கு நெறமே கொஞ்சந்தான். நிழல் வேணும்னா என்ன செய்வான்? ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளைன்னு ஒண்ணு விட்டு ஒண்ணு வச்சுருவான். கேபிளு அது ரெண்டயும் இழுத்துக் கலக்கிரும். குழாய்க் கண்ணாடியில பட்டு ஒளி பக்கத்துல கசியும். நீங்க பாக்கும்போது கன்னத்து நிழலாத் தெரியும்."

"அப்போ கேபிளு மோசமா இருந்தது நல்லதுங்கியாம்மா?"

"ஆமா. அந்த மோசத்தத்தான் மூணு மாசமா உக்காந்து செஞ்சிட்டிருக்கேன்."

அப்படி அவள் செய்ததன் பெயர் 'சாயலி'. படம் சுவரை எட்டுவதற்கு முன் அதைப் பிடித்துக் கெடுத்து அனுப்பும் ஒரு சின்ன நிரல். அவள் முதல் திருகைத் திருப்பினாள். படத்தின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் விழுந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மணிகளாகப் பிரிந்தது. மூன்றாவதில் ஓரங்கள் கசிந்தன. அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"கிட்ட வாரா... இன்னும் வரல. கூட்டத்துல அவ முதுகப் பாத்த மாதிரி இருக்கு."

"நாளைக்கு வாங்க. அட்டையோட பல்லு, பெட்டியில செருகுற அந்தப் பித்தளை முனை, அழுக்கா இருக்கு. தொடச்சு வைக்கேன்."

அவர் போனதும் ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து தன் அட்டையையும் எடுத்தாள். அவளுடைய தம்பி ரெனால்டு. பத்தொன்பது வயதில் 'சின்னராணி' விசைப்படகில் போனான். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது, காற்று அடித்தது. படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. இயந்திரம் ஏன் நின்றது என்று இருபத்தாறு வருடமாக அவள் கேட்காத ஆள் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் பாதிப் படகுகளுக்கு இயந்திரம் பார்த்த மச்சாது அண்ணாச்சியிடமும் கேட்டிருக்கிறாள். "அந்தப் போட்டுல நம்ம கை படலம்மா," என்று சொல்லிவிட்டார்.

வீட்டு டிவியின் திரைக்குழாய் அவிந்த பிறகு அவள் தம்பியைப் பார்க்கவே இல்லை. அவனைச் சதுரங்களாகப் பார்க்க மனம் வரவில்லை. சாயலி முழுதாக வரட்டும், அதன் பிறகுதான் ரெனால்டு என்று வைத்திருந்தாள். அதற்காகவே செய்ததுதான் அது.

இரண்டு அட்டைகளின் பல்லையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரே துணியில் காய வைத்தாள். உறவி வந்த காலத்தில் ஊரில் எல்லாரும் அட்டையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து, பெயர் எழுதிய இடத்தின் மேலேயே மாதா படம் ஒட்டியிருந்தார்கள். இரண்டிலும் ஒரே திருவிழாவின் ஒரே மாதா.

மறுநாள் கடைசித் திருகு. குழாய்த் திரை ஒரு நொடிக்கு ஐம்பது முறை அணைந்து அணைந்து எரியும், அந்த இருட்டையும் இடையில் சேர்க்க வேண்டும். சேர்த்தாள். சுவர் லேசாகத் துடித்தது.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏட்டி... பிலோ!" கை தானாக நீண்டது. "அந்தா பாரு, பல்லு சந்து! சிரிக்கா பாரு, நான் தோத்தா சிரிப்பாளே அதே சிரிப்பு. இவதாம்மா. இவளேதான்."

அட்டையையும், போல்வியும் சாயலியும் ஏற்றிய ஒரு சின்னப் பெட்டியையும் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். மிச்சமிருந்த அட்டையைக் கையில் எடுத்தாள். ஸ்பிரிட் பட்டதில் மாதா படத்தின் ஒரு மூலை உரிந்திருந்தது. அடியில் எழுத்து தெரிந்தது. உரித்தாள்.

பிலோமினா மச்சாது.

அப்படியானால் அண்ணாச்சி 'இவளேதான்' என்று அணைத்துக்கொண்டு போனது ரெனால்டின் அட்டையை.

எந்த அட்டை வந்தாலும் முதலில் ஒரு படி எடுத்துவைப்பது அவள் வழக்கம். இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்வியை ஒப்பிடச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து முடிக்க அதற்கு நான்கு நொடி ஆயிற்று. வேறுபாடு: சுழியம்.

அட்டையைப் பிரித்து உள்ளே படித்தாள். ஒரே ஒரு உருவம். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. முகம் முழுக்க ஒன்று விட்டு ஒன்றாகப் புள்ளிகள். தாயக்கட்டம், காய்கள். பேச்சுக்கு நாலே நாலு சொற்கள்: 'ம்', 'சரி', 'சாப்பிட்டாச்சா?', 'அப்புறம்?'. அவ்வளவுதான். ஊர் முழுவதற்கும் ஒரே அட்டையைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பாதியை நிறுவனம் வரைந்தது. பாதியை, கசிந்த ஒளிக்கும் அணைந்த இருட்டுக்கும் நடுவில், பார்த்தவர்கள் வரைந்துகொண்டார்கள்.

எல்லாம் தெரிந்த பிறகும் அவள் சாயலியைப் போட்டாள். ரெனால்டு உட்கார்ந்திருந்தான். மேலுதட்டு மச்சம் இருந்தது. சாயலியை நிறுத்தினாள், சதுரங்கள். போட்டாள், ரெனால்டு. 'சாப்பிட்டாச்சா?' என்றது கீழ்க்கட்டம். அக்கா என்று அதற்கு முன்னால் ஒரு சொல் இருந்ததாக அவளுக்குப் பட்டது. தன் உதடுதான் அசைந்திருக்கிறது என்று ஒரு கணம் கழித்துத் தெரிந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. இரண்டும் ஒன்றே என்று எண் எண்ணாக நிரூபித்தவளுக்கு, தம்பி இன்னொருவர் வீட்டில் இருப்பது பொறுக்கவில்லை. பிலோமினாவின் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மாலை நாலு மணி. மச்சாது அண்ணாச்சியின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அட்டை மாறிப்போச்சு. எடுத்துட்டுப் போக வந்தேன்."

அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. "பிலோ நல்லாத்தான் ஆடுதா," என்றார். "அவளுக்குப் பின்னால வாசப்படில ஒரு பையன் நிக்காம்மா."

"எந்தப் பையன்?"

"பத்தொம்பது இருவது இருக்கும். சட்டையெல்லாம் ஈரம், சொட்டிக்கிட்டே நிக்கான். கையில ஒரு பழைய டீசல் ஃபில்டரு. மாத்தாம விட்டா அடைச்சு இஞ்சின நிறுத்திரும்லா, அந்த மாதிரி கறுத்துப் போனது. வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்கான். 'அப்புறம்? அப்புறம்?'னு அத மட்டுந்தான்."

ஜெசிந்தா சுவரைப் பார்த்தாள். அட்டையில் வாசற்படி கிடையாது. இரண்டாவது உருவமும் கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் படித்தவள் அவள். அது அவள் தம்பியின் அட்டை என்று அண்ணாச்சியிடம் சொன்னவரும் யாரும் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் திருகுல எதையாச்சும் திருப்பி, அவன மட்டும் எடுத்துர முடியுமாம்மா?"

"அவன் அட்டையில இல்ல, அண்ணாச்சி."

அவர் தலை நிமிரவில்லை. அவருடைய வலது கைக் கட்டைவிரல், கிரீஸ் அப்பியதைத் துடைப்பதுபோல, மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.