உயிர் கேட்ட ஸ்பீக்கர்

ஸ்குரூடிரைவர் ஒட்டவில்லை.

மேசையில் குப்புறக் கிடந்த மூன்று பழைய ஸ்பீக்கர்களில் முதல் இரண்டோடும் மெக்கானிக்குக்குத் தகராறில்லை. முதுகில் தட்டையான கறுப்பு வளையம் இருந்தால் ஃபெரைட் காந்தம். கருவியைக் கிட்டே கொண்டுபோனாலே வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். இரும்புக் கிண்ணத்துக்குள் அடங்கியிருந்தால் அல்நிகோ காந்தம். வெளியே அவ்வளவாக இழுக்காது, ரொம்பச் சாது. மூன்றாவதோ துளிகூட இழுக்கவில்லை. அதன் கூட்டிலிருந்து இரண்டு ஒயர்கள் தனியாகத் தொங்கின. "உனக்கு மட்டும் என்ன கேடு?" என்று அதையே கேட்டார்.

"என்னங்க, யாரோட பேசுறீங்க?" உள்ளறையில் இரும்புக் கட்டிலில் படுத்திருந்த மனைவி கேட்டாள்.

"இது காயில் ஸ்பீக்கர்மா. காந்தமே கிடையாது, வெறும் செம்புச் சுருள்தான். உயிர் கொடுத்தாத்தான் இழுக்கும்."

கரண்ட் கொடுப்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"முதல்ல எனக்குக் கொடுங்க. அப்புறம் அதுக்கு."

சிரிக்க நினைத்தார், கொட்டாவிதான் வந்தது. நெஞ்சில் சளி கட்டி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. மீட்டுக் கொண்டுவருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும், இழுக்கும்போது லேசாகக் கரகரக்கும் அவள் மூச்சை, கை என்ன வேலை செய்தாலும் காது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"உயிர்தானே, கொடுத்துத் தொலைக்கிறேன்" என்று ஸ்பீக்கரிடம் அலுத்துக்கொண்டு ஒயர் முனைகளைச் சீவினார். சீவி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. வெளியே மழை. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது, அறையில் ஈரப் பலகை வாடை ஏறியது, மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

டக்.

மேசையில் கிடந்த ஸ்குரூடிரைவர் நழுவிப்போய் மூன்றாவதன் முதுகில் ஒட்டியிருந்தது.

அசதியில் கண் ஏமாற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தார். இழுத்தார். வரவில்லை. ஒயர் முனைகள் இரண்டும் இன்னும் அவர் இடக்கையில்தான் இருந்தன, எதனோடும் சேராமல்.

மெல்லப் புரட்டினார். பழுப்புக் காகிதக் கூம்பு உயர்ந்தது. தாழ்ந்தது. உள்ளிருந்து காற்று இழுபடும் சத்தம் கேட்டது. இழுக்கும்போது லேசான கரகரப்பு.

உள்ளறையில் சத்தமே இல்லை.

"ஏம்மா?"

உள்ளறைப் பக்கம் காதைச் சாய்த்தார்.

கிரீச்.

தரையில் இரும்பு தேயும் சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடி கிரீச். பக்கத்தில்.

இரண்டு கையாலும் ஸ்குரூடிரைவரைப் பற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். அசையவில்லை. "வேண்டாம், விட்டுடு" என்று கெஞ்சினார். யாரிடம் கெஞ்சுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கிரீச்.

கட்டில் வந்து கதவு நிலையில் முட்டி நின்றது. அவள் மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. தலையில் செருகியிருந்த ஹேர்பின்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, மேசையைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன.

கூம்பு உயர்ந்தது.

"முதல்ல எனக்குக் கொடுங்க" என்றது, அவள் குரலில்.