ஈரமாய்க் கிடந்த கன்றுகள்

மூங்கில்குழிக்கு ஜீப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் தார்ச்சாலை முடிந்து, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே செம்மண் பாதை வளைந்து வளைந்து போய் அந்தச் சின்ன ஊரில் நின்றது. ஊருக்குச் சற்றுத் தள்ளி, கடுக்காய் மரங்களுக்குக் கீழே, ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று. மலைக்குக் கீழேயிருந்து வந்த யாரோ ஒருவர் பால் பண்ணை நடத்தி, நஷ்டப்பட்டு, மூடிவிட்டுப் போன இடம். அதன் கோடியில் ஓர் அறையைப் பெருக்கிக் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள்.

சந்தியா கால்நடை மருத்துவர். மாடுகளுக்கு வரும் புதுப்புது நோய்களை ஆராய்வது அவள் வேலை. சொந்த ஊர் திருக்கோவிலூர். ஆற்றோரக் கிராமங்களில் கொத்துக் கொத்தாக மாடுகள் செத்த ஒரு கோடையில், குட்டைத் தண்ணீரில்தான் விஷம் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். அந்த நம்பிக்கையோடுதான் மலையேறியிருந்தாள். கூட வந்த ஆசீர்வாதம், ஆய்வுக்கூடத்தில் நெடுநாளாக வேலை பார்ப்பவர். வண்டியும் அவரே ஓட்டுவார்.

"நீங்க ரூம்ல இருங்க மேடம். நான் ஜீப்லயே படுத்துக்கறேன்" என்றார் அவர், கட்டடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு.

ஊரில் சில வாரங்களாகவே கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. காய்ச்சல் இல்லை. கழிச்சல் இல்லை. வாயில் நுரை இல்லை. சாயங்காலம் துள்ளிக்கொண்டிருந்த கன்று விடிந்தால் கால் மடக்கிக் கிடக்கும்.

வேடியப்பன் அவர்களுக்காகக் காத்திருந்தான். ஊரிலேயே அதிக மாடு வைத்திருந்தவன் அவன். பக்கத்தில் அவன் மனைவி ஆயம்மாள். அவள் இடுப்பில் நான்கு வயது மகள் மணிமொழி, விரலைச் சப்பிக்கொண்டு.

"வாங்க டாக்டரம்மா. நேத்தும் ஒண்ணு போயிடுச்சி. நீங்க வரீங்கன்னுதான் பொதைக்காம வெச்சிக்கினு இருக்கோம்."

மாட்டுக்கொட்டாயில் சாக்கை விலக்கினான். வெள்ளைக் காளைக்கன்று. உடம்பு முழுக்க ஈரம்.

"மழையில நனைஞ்சுதா?"

"இல்லீங்க. உள்ளதான் கட்டியிருந்தோம்."

சந்தியா குனிந்து பார்த்தாள். ஈரத்தில் முடி சுழி சுழியாகப் படிந்திருந்தது. முதுகில், விலாவில், காது மடலுக்குள், கண் இமையில்கூட. அந்தச் சுழி அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஈன்ற மாடு தன் கன்றை நக்கி விட்டால் அப்படித்தான் படியும்.

"தாய் நக்கியிருக்கும்" என்றாள்.

ஆயம்மாள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இதோட தாய் செத்து ஒரு மாசம் ஆவுதுங்க."

"அப்போ வேற மாடு ஏதாவது..."

"எல்லாத்தையும் தனித்தனியாத்தான் கட்டிக்கீறோம்" என்றான் வேடியப்பன்.

அப்போதுதான் அந்த வாடையைக் கவனித்தாள். இனிப்பும் கொழுப்பும் கலந்த வாடை. சீம்பால். மாடு ஈன்ற உடனே கறக்கும் முதல் பால். ஊரில் எந்த மாடும் சமீபத்தில் ஈனவில்லை.

பழைய பண்ணையின் சிமெண்ட் தரையில் வைத்துக் கன்றை அறுத்தாள். ஆசீர்வாதம் குப்பிகளை நீட்டிக்கொண்டிருந்தார். இதயம் சுத்தம். நுரையீரல் சுத்தம். ஈரலில் ஒரு புள்ளி இல்லை. சாவதற்கு ஒரு காரணமும் இல்லாத உடம்பு. கடைசியாக இரைப்பையைக் கீறினாள்.

மஞ்சளாக, இன்னும் திரியாத சீம்பால் வழிந்து தரையில் ஓடியது.

"இதுக்கு என்ன குடுத்தீங்க?"

"கஞ்சித்தண்ணிதாங்க" என்றான் வேடியப்பன். "வேற இன்னா குடுப்போம்?"

ஊரைவிட்டு ஒரு மாடும் கீழே போகக் கூடாது, எல்லாவற்றையும் விலக்கி விலக்கிக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உப்புச்சத்துக் குறைந்தால் மாடுகள் ஒன்றையொன்று நக்கும். ஆகவே தாது உப்புக் கட்டிகளைக் கொட்டாய்க்குக் கொட்டாய் தொங்கவிட்டாள். மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் கீழே அனுப்பினாள்.

உப்புக் கட்டிகளை எந்த மாடும் தொடவில்லை. கன்றுகள் செத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் ஈரமாக, அழகாக வாரி விட்டதுபோல் கிடந்தது. கன்றுகள் குறைந்தபோது ஆட்டுக்குட்டிகள் சாகத் தொடங்கின. அவற்றின் வயிற்றிலும் மாட்டுச் சீம்பால்.

ஆய்வுக்கூடத்திலிருந்து போனில் முடிவைச் சொன்னார்கள். கிருமி எதுவும் இல்லை. விஷம் இல்லை. முடியில் இருந்தது மாட்டு எச்சில். பால், அப்போதுதான் ஈன்ற மாட்டின் பால்.

"மாதிரி எடுக்கும்போது ஏதாவது கலந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டார் போனில் பேசியவர்.

அன்று மாலை, வெளிச்சம் மங்கும் நேரத்தில், பண்ணையின் காலிக் கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சர்ர். சர்ர்.

சொரசொரப்பான நாக்கு முடியின்மேல் இழுபடும் சத்தம்.

அதற்கு நடுவே, வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே உறுமும் குரல். ம்ம்... ம்ம்... புதிதாய்ப் பிறந்த கன்றைப் பார்த்து மட்டுமே மாடு அப்படிக் குரல் கொடுக்கும். எத்தனையோ கொட்டாய்களில் சந்தியா அதைச் சிரித்தபடி கேட்டு நின்றிருக்கிறாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிமெண்ட் தொட்டிகள். துருப்பிடித்த சங்கிலிகள். தரையில் காய்ந்த சருகு. எதுவும் இல்லை.

சத்தம் நின்றிருந்தது.

கழுத்துக்குப் பின்னால் சூடான மூச்சு ஒன்று பட்டது. புல் வாடை அடித்தது. அது அவளை மெல்ல முகர்ந்தது. பிறகு விலகியது.

வெளியே ஆசீர்வாதம் கூப்பிட்டதும் ஓடி வந்தாள். அவர் கையில் ஜெபமாலை இருந்தது.

"நானும் கேட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அந்தச் சத்தத்தைப் பற்றி ஆயம்மாளிடம் கேட்டாள். ஆயம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பண்ணை நடந்தப்போ நான் அங்க சாணி அள்ளிக்கினு இருந்தேங்க. கன்னு பொறந்து வியிந்த உடனே தூக்கினு பூடுவாங்க. தாய நக்க வுட மாட்டாங்க. நக்கி மோந்துட்டா அப்புறம் கன்னு இல்லாம பால் குடுக்காதாம். காளைக்கன்னா இருந்தா அன்னிக்கே வண்டியில ஏத்திடுவாங்க. தாயிங்க கத்தறது எங்க வூடு வரைக்கும் கேக்கும். அதுல ஒரு மாடு மட்டும் கத்தவே இல்ல. சும்மா காலித் தரையையே நக்கிக்கினு இருந்துச்சி. நாக்குல ரத்தம் வர்ற வரைக்கும். அப்படியே செத்துப்போச்சி."

"அதுக்கு இப்ப என்ன வேணும்?"

"இன்னா வேணும்? அதுங் கன்னு வேணும்." ஆயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒவ்வொண்ணா நக்கிப் பாக்குது. அதோடது இல்லன்னு தெரிஞ்சதும் வுட்டுடுது."

சந்தியா அதை நம்பினாளா என்று கேட்டால், அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. நம்பாமல் இருக்கவும் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. இருந்த மருந்துகளை எல்லாம் போட்டுப் பார்த்தாள். கொட்டாய்களில் விளக்கு எரிய விட்டாள். வேடியப்பன் தன் கடைசிக் கிடேரிக் கன்றை வீட்டுக்குள்ளேயே கட்டி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்தான். காலையில் அவன் கையும் மார்பும் நனைந்திருந்தன. கன்று விறைத்திருந்தது.

அதோடு ஊரில் கன்றுகள் தீர்ந்தன. குட்டிகளும் தீர்ந்தன.

இரண்டொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் முற்பகல் ஆயம்மாள் ஓடி வந்தாள். மணிமொழியைத் தோளில் போட்டிருந்தாள்.

"தலைய பாருங்க டாக்டரம்மா. கொழந்த தலைய பாருங்க."

குழந்தையின் முடி ஈரமாக, நெற்றியிலிருந்து பின்பக்கமாக வழவழவென்று படிந்திருந்தது. உச்சியில் ஒரு சுழி. மணிமொழி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் சீம்பால் வாடை வந்தது.

சந்தியா யோசிக்கவே இல்லை. "வண்டிய எடுங்கண்ணே. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள்.

ஆசீர்வாதம் வண்டியைக் கிளப்பினார். சந்தியா முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் வேடியப்பனும், மடியில் குழந்தையோடு ஆயம்மாளும். மலைப்பாதையில் பட்டப்பகலிலும் பனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டும் வண்டிக்கு முன்னால் சில அடிதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆசீர்வாதம் ஹாரனை அழுத்தினார்.

பாதி மலை இறங்கியதும் குழந்தை சிரித்தாள்.

"கூசுதும்மா."

"நான் தொடலியேடி கண்ணு" என்றாள் ஆயம்மாள்.

"கூசுது."

சர்ர்.

ஆசீர்வாதம் தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "திரும்பாதீங்க மேடம்" என்றார் மெதுவாக.

சந்தியா திரும்பினாள். ஆயம்மாள் இரண்டு கைகளையும் மேலே தூக்கி வைத்திருந்தாள். வேடியப்பன் கதவோடு கதவாக ஒட்டியிருந்தான். மடியில் கிடந்த குழந்தையின் தலை மட்டும் அசைந்தது. பின்னால் போய், முன்னால் வந்து. பின்னால் போய், முன்னால் வந்து.

"எம்மா, வுட்டுடும்மா" என்று ஆயம்மாள் காற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். "அது உன்னுது இல்ல. என்னுது. என்னுதும்மா."

தலை அசைவது நின்றது.

மணிமொழி கண்ணை மூடியிருந்தாள். உதட்டில் பால் குடித்து உறங்கும் குழந்தையின் நிறைவு இருந்தது. சந்தியா முன் சீட்டில் இருந்து எக்கி, ஸ்டெதஸ்கோப்பை அந்தச் சின்ன மார்பில் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

ஆயம்மாள் அழவில்லை. முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். வடக்கனந்தல் தாண்டி, கள்ளக்குறிச்சி போய்ச் சேரும் வரையிலும் துவட்டினாள். முடி காயவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுபோனது என்றார்கள். உடலை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியலாம் என்று ஒரு டாக்டர் சொன்னபோது, வேடியப்பன் அவரைப் பார்க்கவில்லை. சந்தியாவைப் பார்த்தான்.

"அத்தினி கன்ன அறுத்தீங்களே டாக்டரம்மா. இன்னா கண்டீங்க?"

அவன் மகளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குத் திரும்பினான். ஆசீர்வாதம் அவர்களை அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அதற்குமேல் வண்டி ஓட்ட அவரால் முடியவில்லை.

அதன் பிறகு மூங்கில்குழியில் சாவு இல்லை. காரணம் அறியப்படாத நோய், தானாகவே அடங்கிவிட்டது என்று சந்தியா எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரிகள் அதைப் பாராட்டினார்கள். அவள் சாப்பிடுவது குறைந்தது. பால் வாடை பட்டாலே எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் ஆயம்மாள் போன் செய்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லீங்க இப்ப. சத்தமே காணோம். பண்ணையில குருவி கூடு கட்டிக்கீது." பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "டாக்டரம்மா, அது கீழ வந்துடுச்சா?"

"இல்லம்மா" என்றாள் சந்தியா. "அப்படியெல்லாம் இல்ல."

தை பிறந்து அறுவடை முடிந்திருந்தது. வடக்கனந்தல் பக்கம் தெய்வசிகாமணி என்ற விவசாயியின் மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று செய்தி வந்தது. பக்கத்து ஊரில் இருந்த சந்தியா உடனே போனாள். நல்ல வெயில். களத்தில் வைக்கோல் மின்னியது. தலை திரும்பியிருந்த கன்றை உள்ளே கையை விட்டுச் சரிசெய்து, மெல்ல இழுத்து வெளியே எடுத்தாள். செவலைக் கன்று. கொழகொழவென்று வைக்கோலில் விழுந்து, தும்மி, மூச்சுவிட்டது.

நெடுநாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"காளைக்கன்னும்மா!" என்று தெய்வசிகாமணி சந்தோஷத்தோடு கத்தினார். "இருங்க, கை கழுவ சுடுதண்ணி எடுத்துக்கினு வரேன்."

அவர் வீட்டுக்குள் போனார். சந்தியா கன்றை இழுத்து மாட்டின் முகத்துக்கு முன்னால் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

மாடு குனிந்து கன்றை முகர்ந்தது. நாக்கை நீட்டப் போனது.

நீட்டவில்லை.

தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தது. இன்னும் ஓரடி. கயிறு எட்டும் தூரம் போய், சுவரோடு ஒதுங்கி, வேறொரு மாட்டுக்கு வழிவிடுவதுபோல நின்றது.

வைக்கோல் அழுந்தியது.

கன்றின் பிட்டத்தில் ஒட்டியிருந்த ஈர முடி மெல்ல எழும்பி, மடங்கி, ஒரு சுழியாகப் படிந்தது. பிறகு முதுகு. பிறகு கழுத்து. கன்று கண் சொக்கித் தலையை நீட்டிக் கொடுத்தது. வெயில் சந்தியாவின் முதுகைச் சுட்டது.

தெய்வசிகாமணி சுடுதண்ணீர்க் குண்டானோடு திரும்பி வந்தார். கன்றைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, அதுக்குள்ள சுத்தமா தொடச்சி வுட்டுட்டீங்களா?"

கன்று தள்ளாடி எழுந்தது. சுவரோரம் நின்ற தாயை அது திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒன்றுமே இல்லாத வெளியில் முகத்தை உயர்த்தி, முட்டி முட்டிச் சப்பத் தொடங்கியது. அதன் தொண்டை ஏறி இறங்கியது. கடைவாயில் மஞ்சளாகப் பால் வழிந்தது.